‘எனக்குத் தெரியும்’ என்பவர்கள்

எங்காவது ஒரு நகரத்தில் குண்டு வெடிக்கிறது. வைத்தது யார் என்று போலீஸுக்குத் தெரிவதற்கு முன்பே நம் இலக்கிய நண்பர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரியும் என்று கேட்டால், கலைஞனுக்குச் சாட்சியம் எதற்கு என்று பதில் வருகிறது. அண்மையில் ஒரு நண்பர் இதற்கு ஒரு தத்துவ பீடமே கட்டித் தந்தார். தடயம், சாட்சி, குறுக்கு விசாரணை இவையெல்லாம் குமாஸ்தாக்களின் காரியமாம். நாவலில் ஒரு பாத்திரம் அடுத்து என்ன செய்யும் என்று உணர்கிற அதே பிரக்ஞையால், ஒரு படுகொலைக்குப் பின்னால் இருக்கும் கையையும் கலைஞன் உணர்ந்துவிடுகிறான் என்பது அவர் கட்சி. துணைக்கு அவர் அழைத்துக்கொண்டது இத்தாலியக் கவியும் திரைப்பட இயக்குநருமான பஸோலினியை. பெயர் பெரிது. ஆகவே சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறக்கிறேன்.

பஸோலினியின் அந்தக் கட்டுரை 14 நவம்பர் 1974 அன்று மிலான் நகரின் ‘கொரியேரே தெல்லா ஸேரா’ தினசரியில் வந்தது. மறு வருஷம் அவருடைய கட்டுரைத் தொகுதியில் ‘படுகொலைகளின் நாவல்’ என்ற தலைப்பில் சேர்ந்தது. 1969 முதல் இத்தாலியில் நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பொறுப்பானவர்களின் பெயர்கள் தமக்குத் தெரியும் என்கிறார் அதில். நிரூபணம் தம்மிடம் இல்லை, தடயம்கூட இல்லை என்றும் சொல்கிறார். எழுத்தாளராக இருப்பதாலேயே தெரிகிறது என்பது அவர் தரும் விளக்கம்: நடப்பதை விடாமல் கவனிப்பது, மறைக்கப்பட்டதைக் கற்பனையால் எட்டுவது, சிதறிய துண்டுகளைச் சேர்த்துத் தாறுமாறுக்கு நடுவே ஒரு தர்க்கத்தை மீட்பது தம் தொழில் என்கிறார். பெயர் ஒன்றைக்கூட அவர் அச்சில் வைக்கவில்லை. துணிச்சலான கட்டுரை, அதன் கோபம் நேர்மையானது. ஆனால் அதை ஞானதிருஷ்டிக்கு எழுதிக் கொடுத்த சாசனமாக நண்பர் படிக்கிறார். அப்படிப் படிக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் நடந்த ஐந்து வருஷங்களை மறந்தாக வேண்டும்.

12 டிசம்பர் 1969, வெள்ளிக்கிழமை மாலை. மிலானில் பியாட்ஸா ஃபொந்தானாவில் இருந்த விவசாய வங்கிக்குள் குண்டு வெடித்தது. சந்தை நாள் என்பதால் குடியானவர்களும் மாட்டு வியாபாரிகளும் கணக்குத் தீர்க்கக் கூடியிருந்தார்கள். 17 பேர் இறந்தார்கள்; 88 பேர் காயமடைந்தார்கள். அதே நாளில் இன்னொரு வங்கியில் வெடிக்காத குண்டு ஒன்று கிடைத்தது. கையில் கிடைத்த அந்த அரிய தடயத்தை அன்றிரவே வெடிக்கவைத்து அழித்துவிட்டார்கள். அழித்தால் என்ன, அதிகாரிகளுக்குத்தான் ஏற்கெனவே ‘தெரிந்து’விட்டதே! செய்தது அராஜகவாதிகள். ஒரு டாக்ஸி டிரைவர், கையில் பையோடு வந்த ஒருவரை வங்கி வரை ஏற்றிச் சென்றதாகச் சொன்னார். வால்ப்ரேதா என்ற பாலே நடனக்காரரின் புகைப்படத்தை முதலில் அவருக்குக் காட்டினார்கள். பிறகு வரிசையில் நிற்கவைத்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். காட்டினார். பத்திரிகைகள் வால்ப்ரேதாவை அரக்கன் என்றன. அந்த மனிதர் விசாரணை முடியாமலேயே மூன்று வருஷம் சிறையில் கிடந்தார். ஞானதிருஷ்டி கவிகளுக்கு மட்டும் வாய்க்கும் வரம் அல்ல என்பதை நண்பர் கவனிக்க வேண்டும். போலீஸ் கமிஷனர்களுக்கும் அது தாராளமாக வாய்க்கிறது.

வால்ப்ரேதாவோடு பினெல்லியும் வருகிறார். ரயில்வே தொழிலாளி, அராஜகவாதி. சட்டம் அனுமதித்த நேரத்துக்கு மேல் போலீஸ் தலைமையகத்தில் வைத்திருந்தார்கள். டிசம்பர் 15 நள்ளிரவுக்குச் சற்று முன்பின்னாக நாலாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். குண்டு வெடித்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று அவர் சொன்னது பொய்த்துப்போனதால் தாமே குதித்தார் என்று அறிவித்தார்கள். அவர் சொன்னது பொய்க்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அந்த அறையில் நடந்ததைப் பற்றிய போலீஸின் கதையும் சொல்லச் சொல்ல மாறியது.

இந்த இடத்தில் எழுத்தாளன் விழித்துக்கொள்வது நியாயம். விழித்துக்கொள்ளாதவன் எழுத்தாளனே அல்ல. வாக்குமூலமும் அறிக்கையும் பிரதிகள்தாம். பொய்க்கு ஒரு நடை இருக்கிறது. தேவையில்லாத இடத்தில் விவரம் கூடும், தேவையான இடத்தில் வினைச்சொல் செயப்பாட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். இதைப் படிக்கத்தானே நாம் பயின்றிருக்கிறோம்? தாரியோ ஃபோ 1970 டிசம்பரில் மேடையேற்றிய ‘ஒரு அராஜகவாதியின் தற்செயல் மரணம்’ இந்தக் காரியத்தைத்தான் செய்தது. அதிகாரபூர்வமான கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்தது. அவை ஒன்றையொன்று காறித் துப்பிக்கொண்டன, ஜனங்கள் சிரித்தார்கள். சிரிப்புக்குச் சாட்சியம் கைவசம் இருந்தது.

ஆனால் அந்தச் சிரிப்பின் ஓரத்திலேயே அடுத்த தாவல் காத்திருந்தது. பினெல்லியை விசாரித்த அதிகாரி கலாப்ரேஸி. நாடகத்தின் ஒரு பாத்திரத்தில் ஜனங்கள் அவரைக் கண்டார்கள். 1971 ஜூனில் ‘லெஸ்ப்ரெஸ்ஸோ’ பத்திரிகையில் ஒரு பகிரங்கக் கடிதம் வந்தது. பினெல்லியின் முடிவுக்குப் பொறுப்பு கலாப்ரேஸி என்றது; அவரைச் சித்திரவதைக்காரர் என்றது. கையெழுத்துகள் எழுநூறுக்கு மேல் சேர்ந்தன. பொப்பியோ, எக்கோ, மொராவியா, ஃபெலினி, ப்ரீமோ லெவி என்று இத்தாலியின் மூளையே வரிசையில் நின்றது. பஸோலினியும் அதில் இருந்தார்.

17 மே 1972 காலை, வீட்டுக்கு வெளியே கலாப்ரேஸி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 34. மனைவி மூன்றாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். 1975இல் நீதிபதி தாம்ப்ரோஸியோ தம் விசாரணையை முடித்தபோது, பினெல்லி விழுந்த நேரத்தில் கலாப்ரேஸி அந்த அறையிலேயே இல்லை என்று எழுதினார். பினெல்லி குதிக்கவும் இல்லை, யாரும் தள்ளவும் இல்லை, திடீரென்று உடல் நிலைகுலைந்து விழுந்தார் என்ற அவருடைய முடிவை நம்பாதவர்கள் உண்டு. நம்பாமல் இருக்க அவர்களுக்கு உரிமையும் உண்டு. கடிதம்தான் கலாப்ரேஸியைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நண்பர் போடுகிற அதே தாவலை நானும் போட்டவனாவேன். நான் சொல்வது இவ்வளவுதான்: போலீஸ் பொய் சொல்கிறது என்பது பிரதியைப் படித்துப் பெற்ற அறிவு. ஆகவே இந்த மனிதன்தான் கொன்றான் என்பது அந்த அறிவின் முதுகில் ஏறிக்கொண்ட ஆசை. முன்னதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் நானும் வரிசையில் நின்றிருப்பேன்.

சரி, 1974இல் பஸோலினி சொன்னது பெருமளவு உண்மையாகவில்லையா, உள்ளொளி ஜெயித்துவிட்டதே என்பார் நண்பர். எது ஜெயித்தது என்று பார்ப்போம்.

1969 டிசம்பரிலேயே வடகிழக்கு இத்தாலியில் ஒரு பள்ளி ஆசிரியர் ஒரு வக்கீலிடம் போனார். வெந்தூரா என்ற தம் நண்பர் குண்டுகளைப் பற்றித் தம்மிடம் பேசிய பேச்சு அவரைத் தூங்கவிடவில்லை. வெந்தூராவின் கூட்டாளி ஃப்ரேதா, பாதுவா நகரத்து வக்கீல், நவ பாசிஸ்ட். இருவரும் புத்தகம் வெளியிட்டவர்கள் என்பதை நம் வட்டாரம் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பார்க்கலாம். ஃப்ரேதா பொலோஞ்ஞாவில் 50 டைமர்கள் வாங்கியது தெரியவந்தது. அல்ஜீரிய ராணுவக் கேப்டன் ஒருவருக்காக வாங்கினேன் என்று கதை சொன்னார். குண்டு வைக்கப்பட்ட பைகளைப் போன்ற பைகள் குண்டுவெடிப்புக்குச் சில நாள் முன்பு பாதுவாவில் ஒரு கடையில் விற்றிருந்தன. அந்தத் தகவல் போலீஸுக்கு உடனே போயும், வழக்கை விசாரித்த நீதிபதியின் மேஜைக்கு 1972 வரை வந்து சேரவில்லை. ராணுவ உளவுத்துறைக்கு வேலை செய்த ஜானெத்தீனி இந்தக் கும்பலோடு தொடர்புள்ளவர். அவர் உளவுத்துறையின் ஆள்தான் என்று 1974 கோடையில் பாதுகாப்பு மந்திரி ஆந்த்ரேயோத்தியே ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். இவ்வளவும் பஸோலினி பேனாவை எடுப்பதற்கு முன்னால். அவர் ‘தெரியும்’ என்றபோது, பத்திரிகை படிக்கிற மிலான் காய்கறிக்காரருக்கும் ஏறக்குறைய அது தெரிந்திருந்தது. தெரியவைத்தவர்கள் ஒரு வாத்தியார், ஒரு பைக் கடை, மேலிடத்துக்குப் பணியாத இரண்டொரு மாகாண மாஜிஸ்திரேட்டுகள், கால் தேய நடந்த சில நிருபர்கள். எல்லோரும் நண்பரின் பாஷையில் குமாஸ்தாக்கள். அவர்கள் சம்பாதித்ததைக் கலைஞனின் உள்ளொளிக் கணக்கில் வரவு வைப்பது என்ன நியாயம்?

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு கட்சி உண்டு. நீதிமன்றம் சொல்லட்டும், எழுத்தாளன் வாயைப் பொத்திக்கொண்டு கவிதை எழுதட்டும் என்கிற கட்சி. அதில் நான் இல்லை. 1969இல் வாயைப் பொத்துவது என்றால் வால்ப்ரேதா அரக்கன் என்பதை ஒப்புக்கொள்வது. நீதிமன்றம் என்ன செய்தது? 1979இல் ஃப்ரேதா, வெந்தூரா, ஜானெத்தீனி மூவருக்கும் ஆயுள் தண்டனை. 1981இல் மேல்முறையீட்டில் ஆதாரம் போதாது என்று விடுதலை. 1987இல் விடுதலை இறுதியானது. 2005இல் உச்ச நீதிமன்றம் ஃப்ரேதாவும் வெந்தூராவுமே பொறுப்பு என்றது. ஆனால் ஒரு தடவை இறுதியாக விடுவிக்கப்பட்டவர்களை மறுபடி விசாரிக்க முடியாது என்றது. 36 வருஷம். அந்த வங்கிக் குண்டுக்காக விதித்த ஆயுள் தண்டனை ஒருவர் மீதும் நிலைக்கவில்லை. இவ்வளவு காலம் ஒரு மனிதன் அபிப்ராயமே இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்பது அவனைக் கல்லாகச் சொல்வது. நம்பிக்கை முளைக்கத்தான் செய்யும். அதை எந்தத் தொட்டியில் வைக்கிறோம், எவ்வளவு உயரம் வளரவிடுகிறோம் என்பதுதான் கேள்வி.

நண்பரின் அடிப்படைக் குழப்பம் அழகியல் சம்பந்தமானது. எல்லாம் பொருந்துகிறது, ஆகவே உண்மை என்கிறார். நாவலில் எல்லாம் பொருந்துவதற்குக் காரணம் அங்கே ஒரே கை எழுதுகிறது. படுகொலையில் பல கைகள். வைத்தவன் ஒருவன், அறிந்தும் பேசாதவன் ஒருவன், தன் உத்தியோகத்துக்குப் பயந்து காகிதத்தை மறைத்தவன் ஒருவன், வெறும் முட்டாள்தனத்தால் தடயத்தை அழித்தவன் ஒருவன். மறைத்தவனெல்லாம் ஏவியவன் என்று எடுத்துக்கொண்டால் கதை இறுக்கமாகும். உண்மை இறுகாது. வேடிக்கை என்னவென்றால், வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் முடிச்செல்லாம் கடைசி அத்தியாயத்தில் ஒருசேர அவிழ்வதைக் கண்டு முகம் சுளிக்கிற நாம், அரசியலில் அதே தொடர்கதை வாசகர்களாகிவிடுகிறோம். பொருந்தாத விவரத்தை மதிக்கக் கற்றதுதானே நவீனத்துவம் நமக்குத் தந்த பயிற்சி? குண்டு வெடித்த மறுநாள் அந்தப் பயிற்சி எங்கே போய்விடுகிறது?

இத்தாலியிலிருந்தே வேறொரு உதாரணம் இருக்கிறது. 1978இல் சிவப்புப் படையினர் அல்தோ மோரோவைக் கடத்தி 55 நாள் வைத்திருந்து கொன்றார்கள். சிறைக்குள்ளிருந்து அவர் எழுதிய கடிதங்களை அவருடைய கட்சிக்காரர்களே அவர் எழுத்தாகக் கொள்ள முடியாது என்று தள்ளினார்கள். நாவலாசிரியர் ஷாஷா அந்தக் கடிதங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சொல் சொல்லாகப் படித்தார். எழுதியது மோரோதான், சுயபுத்தியோடுதான் எழுதியிருக்கிறார் என்று அதே வருஷம் ஒரு சிறு புத்தகத்தில் காட்டினார். பின்னர் நாடாளுமன்ற விசாரணைக் குழுவில் அங்கத்தினராகி, பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல் தனி அறிக்கை தந்தார். துப்பறியும் நாவல் எழுதியவருக்கு ஒரு சதிக் கதை கட்டத் தெரியாதா? தெரியும். தன் கைக்கு எட்டியது பிரதி என்று அவர் அறிந்திருந்தார். அந்தப் பிரதியை மற்றவர்கள் எப்படிப் பொய்யாகப் படித்தார்கள் என்று சொல்வதே போதுமான குற்றப்பத்திரிகையாக அவருக்கு இருந்தது.

பஸோலினி 2 நவம்பர் 1975 அன்று ஓஸ்தியாவில் அடித்துக் கொல்லப்பட்டார். 17 வயதுப் பையன் ஒருவன் பிடிபட்டான். அடையாளம் தெரியாத வேறு சிலரோடு சேர்ந்து செய்தான் என்றது 1976இல் முதல் நீதிமன்றம்; வேறு சிலர் உண்டு என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. 2005இல் அவனே வாக்குமூலத்தை மாற்றி, செய்தது வேறு மூவர் என்றான். அந்தக் கட்டுரைக்காக, அல்லது எழுதிக்கொண்டிருந்த நாவலுக்காக அவரைத் தீர்த்துக்கட்டினார்கள், யார் என்று எனக்குத் தெரியும் என்பவர்கள் ஏராளம். பொருந்துகிறது, மிக நன்றாகவே பொருந்துகிறது. அப்படிப் பொருந்துவதால்தான் எனக்குத் தயக்கம் வருகிறது.

2009 மே மாதம் ரோமில் குடியரசுத் தலைவர் மாளிகையில் பினெல்லியின் மனைவியும் கலாப்ரேஸியின் மனைவியும் முதல் தடவையாகச் சந்தித்துக் கைகொடுத்துக்கொண்டார்கள். 39 வருஷமாக ஒரு தேசத்தின் அறிவாளிகள் அந்த இரண்டு பேரில் ஒருவருடைய துக்கத்தை இன்னொருவருக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தி வந்திருந்தார்கள்.

நண்பர் அடுத்த தடவை ‘எனக்குத் தெரியும்’ என்று ஆரம்பிக்கும்போது மூன்று கேள்விகள் கேட்பேன். உங்களுக்குத் தெரிந்ததில் எவ்வளவு பிறர் கண்டுபிடித்தது? அவர்கள் யார்? நாளைக்கு எந்த விவரம் வெளியானால் இந்த நம்பிக்கையைக் கைவிடுவீர்கள்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், அவரிடம் இருப்பது அபிப்ராயம்கூட அல்ல, வெறும் கோஷ்டி விசுவாசம். அதற்குக் கலை என்று பெயர் வைக்க அவருக்கு உரிமை இல்லை.