வினாவின் ஏவற்சொல்

சிவில் சர்வீஸ் பிரதான பரீட்சையைத் தாய்மொழியில் எழுதும் உரிமை, கோத்தாரி கமிட்டியின் சிபாரிசின் பேரில் 1979-ஆம் வருஷம் முதல் நம் வாலிபர்களுக்கு உண்டு. விடைதான் தமிழில், பொது அறிவு வினாத்தாளோ இன்றும் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலுமே அச்சாகின்றது. இதனால் விளையும் கேடு பெரும்பாலும் வினாவின் கடைசியில் நிற்கும் சிறு ஏவற்சொல்லில் தங்கியிருக்கிறது.

'டிஸ்கஸ்' என்றால் இருபக்கத்து நியாயங்களையும் எடுத்துரைத்து முடிவு கூறவேண்டும். 'எலூசிடேட்' என்றால் சொன்ன கருத்தை உதாரணங்காட்டித் துலக்கினால் போதும். அங்கே வாதப் பிரதிவாதம் வேண்டுவதில்லை. 'கிரிட்டிகலி எக்ஸாமின்' என்பதே பலரையும் இடறச் செய்கிறது. அதை விமர்சனமென்று கொண்டு, விமர்சனமென்றால் கண்டனமே எனக் கருதி, பஞ்சாயத்து ஆட்சியைப் பற்றிய வினாவுக்குக் குற்றப்பத்திரிகை வாசித்துவிடுகின்றனர். (இத்தவறு மாணாக்கருக்கு மட்டுமன்று, நமது மேடைகளுக்கும் உரியதே!) நிறையையும் குறையையும் ஆதாரத்துடன் சீர்தூக்குமாறன்றோ அச்சொல் பணிக்கிறது? 10 மார்க்கு வினாவுக்கு விடையளவு 150 சொற்களே. ஏவலைப் பிறழ உணர்ந்தவன், பாடத்தை நன்கறிந்தும், அவ்வளவையும் வீணே செலவிடுகிறான்.

வினாத்தாள் முழுவதும் தமிழில் வரவேண்டுமென்பதே நமது கோரிக்கை. அது கைகூடும் வரையில், பத்துப் பன்னிரண்டு ஏவற்சொற்களுக்கேனும் தேர்வாணையம் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் நிலையான பொருள் வகுத்து, வினாத்தாளின் முதற் பக்கத்திலேயே அச்சிடட்டும். இதற்கு ஒரு தாளுக்கு மேல் செலவாகாது.