அடம்பன் விதையில் பழுதில்லை

இரண்டு மாதத்துக்கு முந்தி எங்கட பட்ச்சில் பத்துப்பேர் கடற்கரை துப்புரவாக்கப் போனோம். பிளாஸ்டிக் போத்தல், அறுந்த வலை, ஒற்றைச் செருப்பு எல்லாம் அள்ளினோம். அதோட, மணலில் படர்ந்து கிடந்த அடம்பன் கொடியையும் பத்தை எண்டு பிடுங்கி உரப்பையில் கட்டினோம். படத்தில் இடம் நல்ல வெளிப்பாய்த்தான் விழுந்தது. அடுத்த கிழமை பார்த்தால், காற்று அந்த மணலைத் தூக்கி றோட்டில் போட்டிருந்தது.

‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ எண்டு பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதாத ஆள் எங்களில் இல்லை. பழமொழி தெரியும், கொடியைத் தெரியாது. ஊதாப் பூ காலமை விரிந்து மத்தியானத்துக்குப் பிறகு வாடிவிடும். நாங்கள் கடற்கரைக்குப் போறது பின்னேரத்தில்தானே.

வெட்கத்தில் விதை பொறுக்கினோம். காய்க்குள் நாலு விதை, கபில நிறம், மேலே வெல்வெட் மாதிரி மயிர். சட்டியில் போட்டு மூன்று கிழமை தண்ணி ஊத்தினோம். ஒன்றும் இல்லை. “பழுதான விதை” எண்டு தீர்ப்பும் சொல்லியாச்சு.

பிறகுதான் தேடி வாசித்தோம். அடம்பன் விதையின் தோல் தண்ணியை உள்ளே விடாது. மாதக்கணக்கில் கடலில் மிதந்து வேறு கரையில் ஒதுங்கவேண்டிய விதை அது. நனைந்த உடனே முளைத்தால் நடுக்கடலில் செத்துப்போகும். மணல் உரசி, வெயில் காய்ச்சி, தோலில் கீறல் விழுந்தால்தான் தண்ணி இறங்கும். அந்த வேலையை நாங்கள் சீமெந்துத் தரையில் செய்தோம். காம்பு ஒட்டியிருந்த தழும்பை விட்டுவிட்டு, உருண்ட முதுகுப் பக்கத்தை உள்வெள்ளை தெரியுமட்டும் உரசி, ஒரு இரவு ஊறப்போட்டோம். ஊதினதை மணலில் ஊன்றினோம். ஊதாததைத் திரும்ப உரசினோம். இருபதில் பதினொன்று முளைத்தது. முதல் இரண்டு இலையும் ஆட்டுக் குளம்பு மாதிரிப் பிளந்து வந்தது.

சவுக்கங்கன்று நடுகிற கூட்டங்களுக்கு இது ஒத்துவராது. ஒருநாளில் குழி, கன்று, படம் எல்லாம் முடியவேண்டும். மரம் வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வெறும் மணலில் கணுவுக்குக் கணு வேர்விட்டு, நிலத்தோட கிடந்து மணலைப் பிடிக்கிறது அடம்பன். “அது தானா வரும்தானே” எண்டு ஒரு அண்ணா சொன்னார். வரும், விதைக்கக் கொடியை நாங்கள் மிச்சம் விட்டால்.

பதினொன்றும் இப்ப விடுதி விறாந்தையில் நிற்குது. ஐப்பசி மழை தொடங்கினதும் பிடுங்கின இடத்திலேயே நடப்போறம். அடுத்த துப்புரவுக்கு அறிவித்தல் போட்டிருக்கினம். ‘கொடியைப் பிடுங்கவேண்டாம்’ எண்டு ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.