சேவைக்கு மனசு மட்டும் போதுமாம்!

வாட்ஸப்பில் வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்த ஃபார்வர்ட் வந்துவிடுகிறது. படத்தில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, தோளில் துணிப்பை, வாய் நிறையச் சிரிப்பு. கீழே வாசகம்: எழுபது தாண்டியும் ஓயாமல் ஊருக்கு உழைக்கிறார், உங்களால் ஏன் முடியவில்லை? மனம் இருந்தால் மார்க்கம் உண்டு! கடைசியில் கைகூப்பும் பொம்மை மூன்று.

எனக்கு அந்தப் பெரியவர் மேல் ஒரு வருத்தமும் இல்லை. வாசகம் எழுதின புண்ணியவான் மேல்தான் கோபம். மனசு இருந்ததாம், மார்க்கம் வந்ததாம். நடுவில் ஒன்றாம் தேதி வரவு வைக்கப்படும் ஒரு தொகையை மட்டும் சௌகரியமாக மறைத்துவிட்டார். பி.காம். படித்துவிட்டு பேங்கில் பேரேடு பார்க்கிறவன் நான். வரவை மறைத்துவிட்டு செலவை மட்டும் புகழ்ந்தால் எனக்குக் கை அரிக்கும்.

சரி, மேட்டருக்கு வருகிறேன்.

சொந்த ஊர் கும்பகோணம். ட்ரான்ஸ்ஃபரில் திருவனந்தபுரம் வந்து ஏழு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் படத்துப் பெரியவர் மாதிரி தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். காரணம் ரொம்ப சிம்பிள். தலைமைச் செயலகம், ஏ.ஜி. ஆபீஸ், யுனிவர்சிட்டி, தும்பா ராக்கெட் நிலையம் என்று ஊரே சர்க்கார் உத்தியோகத்தில் வளர்ந்தது. அதிலும் கேரள அரசு ஊழியர்களில் பழைய பென்ஷன்காரர்களுக்கு ஐம்பத்தாறு வயசில் ஓய்வு. இன்னும் இருபது வருஷம் ஓடியாட உடம்பில் தெம்பிருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த இருபது வருஷத்தை இவர்கள் செலவழிக்கிற விதம் இருக்கிறதே, அதைப் பார்த்து நான் மெய்யாகவே அசந்துபோயிருக்கிறேன்.

எதிர் வீட்டு மாஷை எடுத்துக்கொள்ளுங்கள் (இங்கே வாத்தியார் என்றால் மாஷ்). ஹைஸ்கூலில் கணக்கு எடுத்தவர், வயசு 74. அவருடைய வாரம் இப்படி:

திங்களும் வியாழனும் பாலியேட்டிவ் கேர் வண்டி. நர்ஸம்மா புண்ணுக்குக் கட்டு மாற்றுவார், ட்யூப் மாற்றுவார். மாஷுக்கு மருத்துவம் ஒன்றும் தெரியாது. பயிற்சி வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டதெல்லாம் எப்படிக் கேட்பது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதுதான். படுத்திருப்பவரின் பெண்டாட்டியிடம் உட்கார்ந்து பேசுவார். வீட்டில் அரிசி இருக்கிறதா, பையன் ஸ்கூலுக்குப் போகிறானா என்று விசாரித்துக் குறித்துக்கொள்வார். செவ்வாய் சாயங்காலம் வாசகசாலை கமிட்டி. புதன் குடியிருப்போர் சங்கம்: ஓடை அடைப்பு, தெருவிளக்கு, நாய்த்தொல்லை. வெள்ளி பென்ஷனர் சங்கம். உயிர்ச் சான்று கொடுக்கிற சமயம் வந்தால் நடக்கமுடியாத கிழவிகள் மூன்று பேரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் கவுண்டருக்கே வந்து நிற்பார். சனி, ஞாயிறு கல்யாணம், பால் காய்ச்சு, துக்கம். ஒரு நாள் கேட்டேன், "மாஷே, உடம்பு தாங்குமா?" "வியாழக்கிழமை லீவு போட்டுட்டு வா தம்பீ, வண்டியில ஒரு சீட் இருக்கு" என்றார். கேட்ட கேள்விக்குப் பதில் வரவேயில்லை :-)

இது ஏதோ கிழவர் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கேரளத்தின் பாலியேட்டிவ் கேர் இந்த மாதிரி ஆட்களை நம்பித்தான் நிற்கிறது. 1993இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு தொடங்கிய வலி நிவாரண சங்கம்தான் வித்து. அடுத்த சில வருஷங்களில் மலப்புறத்தில் அக்கம்பக்கத்துக்காரர்களே குழு சேர்ந்து, வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் முறை வந்தது. 2003இல் இங்கே திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா தொடங்கியது. 2008இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. பஞ்சாயத்தும் நகரசபையும் பொறுப்பேற்றன, வண்டியும் நர்ஸும் வந்தன. ஆனால் நர்ஸ் இறங்கிப் போனபிறகு அந்த வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க ஆள் வேண்டுமே? அந்த ஆள் மாஷ்.

இப்போது வாசகப் புண்ணியவான் கேட்பார்: "அதைத்தானே சார் நானும் சொல்றேன், மனசு!"

இல்லை சார். மாஷே என்னிடம் சொன்னது இது. ஒன்றாம் தேதி பென்ஷன் வந்ததும் முதல் காரியமாக 2000 ரூபாயைத் தனிக் கவரில் எடுத்து வைத்துவிடுவார். ஆட்டோ, டீ, சங்கச் சந்தா, போகிற வீட்டுக்கு நாலு பழம். மாசக் கடைசியில் கவர் காலியாகிவிடும். அடுத்த ஒன்றாம் தேதி மறுபடி நிரம்பும். சாகிறவரை நிரம்பும் என்று அவருக்குத் தெரியும். விலைவாசி ஏறினால் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பஞ்சப்படி ஏறும் என்று தெரியும். தான் போய்விட்டால் டீச்சரம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் உண்டு என்றும் தெரியும். இத்தனை 'தெரியும்' இருக்கிற மனுஷனுக்குத்தான் வியாழக்கிழமை காலையில் அடுத்தவன் வீட்டு வலியைப் பற்றி யோசிக்க மனசில் இடம் இருக்கும்.

எங்க ஊர்ப் பக்கம் வாருங்கள். ஜவுளிக்கடையில் முப்பத்தைந்து வருஷம் கணக்கெழுதின ஒருத்தர், எனக்கு தூரத்துச் சித்தப்பா முறை. வயசு 66. மாஷை விட நல்ல மனசு, கோயில் உழவாரப்பணிக்கு முன்னால் நிற்கிற ஆள். இன்றைக்கு வேறொரு கடையில் மறுபடி கணக்கெழுதப் போகிறார். காலை பத்து மணிக்குப் போனால் ராத்திரி ஒன்பது. அவருக்கு வருவது இ.பி.எஃப். பென்ஷன். அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச பென்ஷன் மாசம் 1000 ரூபாய் என்று 2014இல் நிர்ணயித்தார்கள், அதற்குப் பஞ்சப்படியும் கிடையாது. இவர் அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. சித்தப்பாவுக்கு மனசு இல்லையா? உழவாரப்பணிக்கு இப்போது அவர் ஏன் வருவதில்லை என்று அந்த ஃபார்வர்ட் பார்ட்டி வந்து அவரிடமே கேட்கட்டும், நான் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பென்ஷன் இல்லாதவர்களும் சேவை செய்கிறார்கள். மலப்புறத்துக் குழுக்களில் மாணவர்களும் கூலி வேலைக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் காலில் விழலாம். ஆனால் அவர்கள் தருவது வேலை போக மிஞ்சின மணிநேரம். மாஷ் தருவது முழு வாரம். முழு வாரத்தை ஒருத்தர் ஊருக்குத் தரவேண்டுமானால் அந்த வாரத்துக்கு யாராவது ஏற்கெனவே காசு கட்டியிருக்க வேண்டும். மாஷ் விஷயத்தில் அரசாங்கம் கட்டிவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பேங்குகளில் 2010 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, என்.பி.எஸ். மட்டும்தான். நான் அந்தப் பட்டியல். கேரள அரசிலும் 2013 ஏப்ரலில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு என்.பி.எஸ். வந்தது. தமிழ்நாட்டில் அதைவிட முன்பே, 2003 ஏப்ரலிலேயே பங்களிப்பு ஓய்வூதியம் வந்துவிட்டது.

ஒரு கணக்குப் போடுவோம், சும்மா உதாரணத்துக்கு. அறுபது வயசில் கையில் 60 லட்சம் சேர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 40 சதவீதம், அதாவது 24 லட்சம், ஆன்யுட்டியில் போடுகிறோம். 6.5 சதவீதம் என்றால் மாசம் 13,000. மிச்சம் 36 லட்சம் எஃப்.டி.யில் 7 சதவீதம், மாசம் 21,000. ஆக 34,000. பரவாயில்லையே என்பீர்கள். ஆனால் இது அப்படியே நிற்கும் 34,000. விலைவாசி வருஷம் 5 சதவீதம் ஏறினால், 72ஐ 5ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 14 வருஷத்தில் பணத்தின் மதிப்பு பாதி. அதாவது 74 வயசில், மாஷ் வண்டி ஏறுகிற அதே வயசில், என் கையில் இன்றைய 17,000. அதில் மாத்திரை வாங்கவேண்டும், எஃப்.டி.யை உடைத்துவிடக்கூடாது என்று பயந்துகொண்டே இருக்கவேண்டும். நான் தனிக் கவரில் 2000 எடுத்து வைப்பேனா? அந்த வயசில் நானும் ஏதாவது ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருப்பேன்.

நான் ஒருத்தன் புலம்புவது பெரிசில்லை. 2011 சென்சஸில் கேரளத்தில் அறுபது தாண்டியவர்கள் 12.6 சதவீதம். 2031இல் இது 20.9 ஆகும் என்று மத்திய அரசின் கணிப்பே சொல்கிறது. தமிழ்நாட்டுக்கு 18.2. படுக்கையில் விழுகிறவர்கள் எண்ணிக்கை ஏறப்போகிறது. வண்டியில் ஏற வருகிற மாஷ்களோ, பழைய பென்ஷன்காரர்கள் முடிய முடிய, குறையப் போகிறார்கள். முதியோருக்கென்று தனி ஆணையம் அமைக்க 2025இல் கேரளம் சட்டம் போட்டது, இந்தியாவிலேயே முதல் மாநிலம். நல்லது, சந்தோஷம். ஆனால் ஆணையம் வந்து ஆட்டோ சார்ஜ் கொடுக்காதே.

'தன்னார்வலர்' என்ற வார்த்தையை அரசாங்கங்கள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதற்கும் இந்த ஊரே சாட்சி. 2025 பிப்ரவரி 10 முதல் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் ஆஷா பெண்கள் ராப்பகலாக உட்கார்ந்தார்கள். வெயில், மழை, நடுவில் தலைமுடியைக்கூட வெட்டிப் போராடினார்கள். அப்போது மாச ஹானரேரியம் 7000 ரூபாய். அவர்கள் கேட்டது 21,000, ஓய்வு பெறும்போது 5 லட்சம். 266 நாள் கழித்து, ஆயிரம் ரூபாய் உயர்வோடு அந்த ராப்பகல் போராட்டத்தை முடித்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய் மாஷைவிடப் பலமடங்கு வேலை பார்க்கிறவர்கள். ஆனால் 2005இல் திட்டம் தொடங்கியதிலிருந்து காகிதத்தில் அவர்கள் தொழிலாளி இல்லை, 'தன்னார்வலர்'. அதனால் சம்பளம் இல்லை, ஹானரேரியம். பென்ஷனும் இல்லை.

பென்ஷன் வாங்குகிறவர் தன்னார்வலராக இருக்கலாம், அது அவர் பெருமை. வயிற்றுப்பாட்டுக்கு வேலை செய்கிறவளைத் தன்னார்வலர் என்று கூப்பிடுவது சம்பளம் கொடுக்காமல் தப்பிக்கிற வித்தை. அறுபது வயசுக்குமேல் அந்த ஆஷா அக்காவுக்கு மாஷ் மாதிரி ஒரு வாரம் கிடைக்குமா? அவளைப் பார்த்துக்கொள்ள எந்த மாஷ் வருவார்?

அதனால் நண்பர்களே, அடுத்த தடவை அந்தப் படம் வந்தால் கைகூப்பும் பொம்மையோடு விட்டுவிடாதீர்கள். இந்தப் பெரியவருக்கு மாசம் எவ்வளவு வருகிறது, விலைவாசியோடு அது ஏறுகிறதா என்று அனுப்பினவரிடம் திருப்பிக் கேளுங்கள். விலைவாசியோடு ஏறுகிற பென்ஷன் ஜவுளிக்கடைக் கணக்கருக்கும், ஆஷா அக்காவுக்கும், என்.பி.எஸ். காரனுக்கும் வேண்டும் என்று சொன்னால், "அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகாது" என்று முதலில் சொல்லப்போகிறவரும் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். மாஷின் சேவை மட்டும் வேண்டும், மாஷுக்குக் கொடுத்த பென்ஷன் வேண்டாம் என்றால் எப்படி?

வியாழக்கிழமை வண்டி காலை ஒன்பதரைக்குக் கிளம்புகிறது. அதில் அந்த சீட் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. 2040களில் அதில் உட்கார ஆள் வேண்டுமானால், இப்போதே பென்ஷனைப் பற்றிப் பேசவேண்டும்.