அம்புக்குச் சவரமா?

பேரனை வில்வித்தைப் பயிற்சிக்குக் கூட்டிப்போய் ஓரமாக உட்கார்ந்திருக்கும் கிழவன்தான் நான். இருந்தாலும் சொல்கிறேன்: கார்பன் அம்பின் வால்பக்கம் அழகுக்குச் சுற்றிய வினைல் ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டாதீர்கள்! அந்தத் தண்டு, நார்களைப் பிசினில் பிணைத்துச் செய்தது. நார் அறுபட்டால், எய்யும்போது அம்பு முறிந்து, சிலாம்பு வில் பிடித்த கையிலேயே ஏறும்.

வெந்நீரில் அந்த முனையைச் சற்று நேரம் நனைத்தால் பசை இளகி, ஒட்டிய சிறகோடு சேர்ந்தே உரிந்துவரும். (நெருப்பில் காட்டி வாட்டுவது இன்னும் மோசம், பிசினே கெட்டுவிடும்.) மிச்சப் பசைக்கு ஸ்பிரிட் போதும். இதற்குப் பத்து நிமிடம் இல்லையாம்!

நேற்று, என் வயதுக்காரர் ஒருவர் சுரண்டிய அம்பை வாங்கிக் காதருகே மெல்ல வளைத்தேன். 'கிரிக்' என்றது. "ஒன்றும் ஆகாது சார்" என்று அதைத் தூணியில் செருகிக்கொண்டார்.