மண்பாண்டம் சேர்க்கலாமே!

தபால்தலை சேர்ப்போர் உண்டு; நாணயம் சேர்ப்போர் உண்டு. மண்பாண்டம் சேர்ப்போர் நம்மில் எத்தனை பேர்? "சட்டி பானையைப் போய் யாராவது சேர்ப்பார்களா?" என்று தோழியர் நகைக்கலாம். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்துப் பியூப்லோ மக்கள் வனையும் பாண்டங்களை அருங்காட்சியகங்களே விலை கொடுத்து வாங்குகின்றன. அவர்களுடைய மரபில் சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறுபோலத் திரித்து, சுருள் சுருளாக அடுக்கிக் கையாலேயே பானையை எழுப்புவார்கள். அதுவும் பெரும்பாலும் பெண்கள்! சான் இல்டெபான்சோ என்னும் சிற்றூரில் வாழ்ந்து 1980-இல் மறைந்த மரியா மார்ட்டினெஸ், எரியும் நெருப்பைச் சாணத்தூளால் மூடிப் புகையவிட்டுப் பானையைக் கன்னங்கரேலென மின்னச் செய்தார். 1920-களில் பானையின் அடியில் தம் பெயரையும் எழுதலானார்.

நமக்கு என்ன குறை? உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பாண்டங்கள் ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்துள்ளன. அவ்வளவு தூரம் ஏன்? நம் பல்லாவரத்திலேயே கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையை அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்தார். மானாமதுரை மண்பாண்டத்திற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூரில் கடம் செய்யும் கலைக்காகச் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்ற மீனாட்சி கேசவன் ஒரு பெண்மணி. ஈர மண்ணை ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டித்தான் அதில் நாதம் பிறக்கிறது. ஆயினும், மண் பிசையும் பெண்ணின் பெயரை யார் கேட்கிறோம்? எவர்சில்வர் கடையில் வாய் திறவாத நாம், பானைக்காரம்மாவிடம் மட்டும் பத்து ரூபாய்க்கு வாதாடுகிறோம்!

அச்சில் வார்த்து எனாமல் பூசியவை எனக்குப் பிடிப்பதில்லை. கையால் வனைந்ததாயின் உட்புறம் விரல் ஓடிய வரிகள் தெரியும். அடிப்பக்கத்தில் பலகையால் தட்டிய தடம் இருக்கும். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். வனைவதை நேரில் காண விரும்புவோர் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செல்லலாம். ஒன்று மட்டும்: பழைய மேடுகளில் கிடக்கும் ஓடுகளைப் பொறுக்கி வராதீர்கள். அவை ஆய்வாளருக்கு உரியவை.

சேர்த்ததையெல்லாம் கண்ணாடி அலமாரியில் பூட்டுவதையும் நான் ஏற்கவில்லை. மீன்சட்டியில் குழம்பு கொதிக்கட்டுமே! உடைந்துவிடாதா என்கிறீர்களா? உடைந்தால் இன்னொன்று வாங்குவோம். குயவர் வீட்டிலும் உலை கொதிக்கும்.

அடுத்த முறை பல்லாவரம் வெள்ளிச் சந்தைக்கோ சாலையோரக் கடைக்கோ போகும்போது, "இதை வனைந்தது யார்? எந்த ஊர் மண்?" என்று கேளுங்கள். விடையைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஊரையாவது எழுதுங்கள்.