22 வைரம் குறையுது தாத்தா

வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை அணைத் தண்ணீர், அருவிக்கு விடுகிறார்களா இல்லையா என்று ஏதாவது எழுதுவேன். இன்று ஒரு வீட்டுக் கணக்கு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் மகள் போன மாதம் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்தாள். சின்னவளின் பள்ளி வேன் கட்டணத்துக்கு என்று வைத்திருந்த பணத்தில் 6,480 ரூபாய் குறைகிறது. திருட்டு இல்லை, மோசடி அழைப்பும் இல்லை. எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேரன், போனில் விளையாடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் வரும் பொம்மைக்குச் சட்டையும் தொப்பியும் வாங்கியிருக்கிறான். 80, 240, 400 என்று சில்லறை சில்லறையாகப் போயிருக்கிறது. பால் வாங்க, மாவு வாங்க அவனைத்தானே கடைக்கு அனுப்புகிறோம்? பின் நம்பரை நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்?

மருமகன் கையை ஓங்கிவிட்டார். பையனை ஒரு வாரம் இங்கே மணிமுத்தாறுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

முதல் நாள் பேசவே இல்லை. இரண்டாம் நாள் பெருங்காலில் குளித்துவிட்டு வரும்போது அவனாகவே சொன்னான். "சும்மா கிடைக்கிற சட்டையோட போனா எல்லாவனும் நூப், நூப்னு கேலி பண்ணுதானுவ தாத்தா. டீம்லயே சேக்க மாட்டேங்கானுவ." நூப் என்றால் ஒன்றும் தெரியாதவன், கத்துக்குட்டி. அந்தச் சட்டையைப் போட்டால் குண்டு குறி தப்பாமல் போகுமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. பாக்க நல்லா இருக்கும், அவ்வளவுதான்" என்றான்.

34 வருடம் வகுப்பறையில் நின்றவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. பள்ளிக்கூடத்தில் சீருடை எதற்கு வைத்தோம்? பண்ணையார் மகனும் களையெடுக்கப் போகிறவர் மகனும் ஒரே பெஞ்சில் ஒன்றுபோல உட்காரத்தானே. அதை இந்த ஆட்டம் கழற்றிப் போட்டுவிட்டு, காசு கொடுத்தவன் யார், கொடுக்காதவன் யார் என்று பிள்ளைகளின் முதுகில் எழுதி அனுப்புகிறது.

அப்புறம் அவன் போனிலேயே அந்தக் கடையைத் திறந்து காட்டச் சொன்னேன். கணக்கு வாத்தியாரிடம் காட்டலாமா அதை!

சக்கரம் ஒன்று சுற்றுகிறது. அதில் எட்டுப் பொருள். ஏழு குப்பை, ஒன்று எல்லோரும் ஆசைப்படும் உடை. ஒருமுறை கிடைத்த பொருள் மறுபடி வராது. ஆகவே எட்டாவது சுற்றில் உடை நிச்சயம் என்கிறார்கள். முதல் சுற்றுக்கு 9 வைரம். பிறகு 19, 39, 69, 99, 149, 199, கடைசிச் சுற்றுக்கு 499. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கூட்டினேன், 1,082 வருகிறது. வைரத்தை எண்ணிக் கேட்டு வாங்க முடியாது. கட்டாகத்தான் விற்கிறார்கள். 800 ரூபாய்க்கு 1,060, 80 ரூபாய்க்கு 100.

பேரன் 1,060 வாங்கியிருக்கிறான். ஏழு சுற்றுக்கு 583 போய்விட்டது. கையில் 477. கடைசிச் சுற்றுக்கு 499 வேண்டும். 22 குறைகிறது! இது தற்செயல் என்று நீங்கள் நம்புகிறீர்களா? என் வகுப்பில் ஒரு பையன் இப்படி ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டு வந்திருந்தால், இவன் பெரிய வியாபாரியாக வருவான் என்று சொல்லியிருப்பேன், கூடவே இவனிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள் என்றும்.

800 ரூபாய் போட்ட பிள்ளை 80 ரூபாய்க்காகவா விடுவான்? மேலே ஒரு கடிகாரம் வேறு ஓடுகிறது, இன்னும் 2 மணி நேரம், 1 மணி நேரம், முடியப்போகிறது என்று. வாங்கிவிட்டான். 78 வைரம் மிச்சம். அது அடுத்த சக்கரத்துக்குப் போட்ட தூண்டில்.

அந்தச் சக்கரம் வெறும் படம் என்பதையும் அவனுக்குச் சொன்னேன். பொத்தானை அமுக்கியதுமே என்ன விழும் என்று அங்கே கம்ப்யூட்டர் முடிவு செய்துவிடும். முள் மெதுவாக நகர்ந்து, நல்ல உடைக்கு ஒரு கட்டம் முன்னால் வந்து நிற்பதெல்லாம் நம் மனசுக்காக ஆடும் கூத்து.

இன்னொரு பெட்டி இருக்கிறது. அதில் நூற்றுக்கு ஒன்று வாய்ப்பு. "அப்போ நூறு தடவை திறந்தா கண்டிப்பா வந்துரும்லா தாத்தா?" என்றான். பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு படித்தவர்களே, உங்களில் எத்தனை பேர் இதற்குச் சரியான விடை சொல்வீர்கள்? 0.99-ஐ நூறு முறை பெருக்கிப் பாருங்கள். நூறு பேர் ஆளுக்கு நூறு தடவை திறந்தால், சுமார் 37 பேர் வெறுங்கையோடுதான் போவார்கள்.

நாம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெட்டிக்கடையில் அட்டை தொங்கும். ஐந்து பைசா கொடுத்துச் சீட்டு கிழித்தால் பலூனோ, மோதிரமோ. பெரிய பலூன் கடைசிவரைக்கும் அங்கேயே தொங்கும். நானும் கிழித்தவன்தான், மறுக்கவில்லை. ஆனால் அட்டை தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. கடைக்காரர் ராத்திரி கதவைச் சாத்துவார். எங்க அப்பாவிடம், "உம்ம மவன் காலையில இருந்து இங்கதான் நிக்கான் வே" என்று சொல்லியும் விடுவார்.

விளையாட்டு செய்பவர்களும் பிழைக்க வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆட்டம் இலவசம், சட்டை 200 ரூபாய், வேண்டுமானால் வாங்கு என்று நேராக விலை எழுதி வைத்தால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சென்னையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், நாற்பதை நெருங்குகிறவர், இன்றும் ராத்திரி விளையாடுகிறாராம். அவரே சொன்னார்: "சார், காசு கொடுக்க எனக்கு வலிக்கல. ஆட்டத்தைத் திறந்தா அஞ்சு விளம்பரத்தை மூடினாத்தான் உள்ளயே விடுதான். விலை என்னன்னு கேட்டா சக்கரத்தைச் சுத்துங்கான். விளையாட வந்தவனைச் சந்தையில நிறுத்தின மாதிரி இருக்கு." வளர்ந்த ஆளுக்கே இந்த எரிச்சல் என்றால் பிள்ளைகள் பாடு?

அரசு தடை செய்யவில்லையா என்று சிலர் கேட்பீர்கள். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடுத்தது நாட்டுப் பாதுகாப்பு என்ற காரணத்துக்காக, பிள்ளைகளின் காசுக்காக அல்ல. தமிழ்நாட்டின் 2022 சட்டமும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் குறிவைத்தது காசு வைத்துக் காசு எடுக்கும் ஆட்டங்களை. ரம்மியால் எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது என்று நமக்குத் தெரியும். 2003-ல் லாட்டரியை ஒழித்தது போல அதுவும் நல்ல காரியம்தான். ஆனால் பொம்மைச் சட்டைக் கடை அப்படியே திறந்து கிடக்கிறது. இதில் ஜெயிக்கப் பணமே இல்லை, தோற்க மட்டும்தான் இருக்கிறது.

ஆயுதம் இல்லாமலும் இல்லை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வியாபாரத்தில் செய்யக் கூடாத 13 தந்திரங்களைப் பட்டியலிட்டு விதி போட்டிருக்கிறது. அதில் ஒன்று பொய்யான அவசரம் காட்டுவது. அந்தக் கடிகாரத்தை இந்த விதியை வைத்து யாராவது கேள்வி கேட்க வேண்டும். நெதர்லாந்தில் கேட்டார்கள். ஃபோர்ட்நைட் நடத்தும் எபிக் நிறுவனத்துக்கு 2024-ல் 11 லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம். நேரம் முடிந்த பிறகும் சில பொருள்கள் கடையில் கிடைத்ததும் அதற்கு ஒரு காரணம். நம்ம ஊர் ஆடித் தள்ளுபடி 'கடைசி நாள்' போலத்தான். அமெரிக்காவில் அதே நிறுவனம், ஆட்டக்காரர்களை ஏமாற்றி வாங்க வைத்ததாக எழுந்த வழக்கில் 24.5 கோடி டாலர் திருப்பிக் கொடுக்க 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அங்கே பிள்ளைகள் இழந்த காசு திரும்பி வந்தது. நாங்கள் இங்கே மூன்று மின்னஞ்சல் அனுப்பினோம். மூன்றுக்கும் வந்தது எழுத்து மாறாத ஒரே பதில், மனுசர் எழுதியது இல்லை. இப்போது 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஆகிறது ஆகட்டும்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் பிள்ளையை அடிக்காதீர்கள். பின் நம்பரை மாற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கூட்டல் கணக்கு தெரிந்தால் போதும். உங்களில் பெங்களூரிலும் சென்னையிலும் இப்படிப்பட்ட செயலிகளைச் செய்யும் வேலையில் இருப்பவர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். இந்த 499-ஐயும் 1,060-ஐயும் எப்படி முடிவு செய்கிறார்கள் என்று, பெயர் போட வேண்டாம், எனக்குத் தனியாகவாவது எழுதுங்கள். கோபிக்க மாட்டேன்.

பேரன் நேற்று ஊருக்குப் போனான். பஸ் ஏறும்போது, "தாத்தா, அந்த 78 வைரம் சும்மாதான் கிடக்கு" என்றான். கிடக்கட்டும்ல என்றேன். சிரித்தான்.

கூட்டலில் எங்காவது தப்பு இருந்தால் சொல்லுங்கள். திருத்திவிடுகிறேன்.