லிஸ்ட் வருவதற்கு முன் ஒரு மடல்

மதிப்பிற்குரிய மாவட்டத் தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கு,

கான்சாபுரத்திலிருந்து ஒரு தொண்டன் எழுதுகிறேன்.

கட்சியின் பெயரை இந்த மடலில் எங்கும் போடவில்லை. பயந்து அல்ல. எழுதி முடித்துவிட்டு எதிர்வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் வேறு கட்சி, முப்பது வருஷமாக வேறு கட்சி. கேட்டுவிட்டு, "பேரை மட்டும் மாத்தி எனக்கு ஒரு நகல் குடு, எங்க ஆளுக்கும் அனுப்பணும்" என்றார். பிறகு பெயர் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ராஜபாளையத்தில் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, கிளைக் கமிட்டி முதல் ஒன்றியம் வரை எல்லாவற்றையும் புதிதாகப் போடப்போகிறோம், பொறுப்புக்கு வர விருப்பமுள்ளவர்கள் எழுதிக் கொடுங்கள் என்று சொன்னீர்கள். மண்டபமே கைதட்டியது. எங்கள் ஊரிலிருந்து ஏழு பேர் எழுதிக் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை, எனக்கு முட்டி வலி, அதைவிட முக்கியம், நான் ஏற்கெனவே இரண்டு முறை பொறுப்பில் இருந்தவன். இரண்டு முறையும் எனக்குத் தெரியாமலே இருந்தேன். முதல் முறை வத்திராயிருப்பு முக்கில் கட்டிய பிளக்ஸைப் பார்த்துத்தான் நான் கிளைத் துணைச் செயலாளர் என்று தெரிந்தது. என் படம் தபால்தலை அளவு. அந்தப் பொறுப்பில் நான் என்ன செய்ய வேண்டும் என்று அன்றும் யாரும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

அந்த ஏழு பேரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். மனுவில் வயது, படிப்பு, செல்போன் நம்பர், 'கட்சியில் சேர்ந்த ஆண்டு' என்று நான்கு கட்டங்கள்தான் இருந்தன. அந்தக் கட்டங்களுக்குள் அவர்கள் அடங்கவில்லை.

2025 நவம்பர் 4-ஆம் தேதி வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதே, அந்த ஒன்றரை மாதத்தை நினைத்துப் பாருங்கள். வீடு வீடாகப் படிவம் வந்தது. நிரப்பத் தெரியாதவர்கள் பாதிப் பேர். 2002, 2005 பட்டியலில் உன் பெயர் எங்கே, உன் அப்பா பெயர் எந்தப் பாகத்தில் என்று கேட்டால், கட்டிக்கொடுத்து வந்த பெண்கள் என்ன சொல்வார்கள்? பிறந்த ஊரின் பழைய பட்டியலைத் தேடியெடுத்து, பாகம் எண், வரிசை எண் பார்த்துச் சொல்ல வேண்டும். கட்சியின் பாக முகவர் ஒரு நாளைக்கு 50 படிவம் வரை வாங்கிக் கொடுக்கலாம் என்றது தேர்தல் ஆணையம். அந்த ஏழு பேரில் ஒரு பெண், காலையில் நூறு நாள் வேலை, மதியம் வீடு, சாயங்காலம் ஆறு மணியிலிருந்து படிவம். திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போயிருந்தவர்களுக்குப் போன் போட்டது அவள் கைக்காசு. தெருவில் யார் வீட்டில் யார் இறந்தார்கள், யார் இடம்பெயர்ந்தார்கள், எந்த வீட்டில் கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயர் இன்னும் இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். டிசம்பர் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்து, தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பேருக்கு மேல் நீக்கம் என்று டிவியில் ஓடியபோது, எங்கள் தெருக்காரர்கள் முதலில் தேடிப் போனது எந்தத் தலைவர் வீட்டையும் அல்ல, அவள் வீட்டை. அவள் எழுதிக் கொடுத்திருப்பது கிளைச் செயலாளர் பொறுப்புக்கு. மகளிரணிக்கு அல்ல.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனுவை வாங்கிய தம்பி, "அக்கா, மகளிரணியில போட்டுக் குடுத்துருவோம்" என்று அவர் பேனாவாலேயே திருத்தப் பார்த்தார். ஊராட்சித் தலைவர் பதவியில் பாதியைச் சட்டம் போட்டுப் பெண்களுக்குக் கொடுத்தாயிற்று. கட்சியின் கிளைச் செயலாளர் நாற்காலிக்கு மட்டும் இன்னும் மீசை கேட்கிறார்கள்.

மற்ற ஆறு பேரில் ஒருவர் தென்னை ஏறுகிறவர். பிளவக்கல் அணைத் தண்ணீர் எந்த வாய்க்காலில் எத்தனையாம் நாள் வருகிறது, யார் வயலில் மடை அடைக்கிறார்கள் என்று மரத்து உச்சியிலிருந்தே பார்த்துச் சொல்வார். ஒரு பையன் சட்டம் படிக்கிறான். ஒருவர் திருப்பூரிலிருந்து திரும்பி வந்தவர், பனியன் கம்பெனியில் சங்க வேலை பார்த்த அனுபவம் உண்டு. மீதி மூன்று பேரைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. அதில் ஒருவர் என் மைத்துனர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மனுக் கொடுத்த நான்காம் நாளே, "லிஸ்ட் ரெடி" என்று பேச்சு வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏதோ ஒரு லாட்ஜில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாகிவிட்டது, அறிவிப்புதான் பாக்கி என்கிறார்கள். யாருடைய ஆள் யார், யார் கார் வாங்கிக் கொடுத்தார், உங்கள் பிறந்தநாளுக்கு யார் பெரிய பிளக்ஸ் வைத்தார் என்றெல்லாம் கணக்குச் சொல்கிறார்கள். வதந்தியாக இருக்கலாம். ஆனால் இந்த வதந்தியைக் கேட்டு எங்கள் ஊரில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. உங்களைத் தூங்க விடாமல் செய்ய வேண்டியது அதுதான்.

உங்கள் தரப்பும் எனக்குத் தெரியும். கிளைக்குக் கிளை தேர்தல் வைத்தால் கோஷ்டி வரும், தெருவுக்குத் தெரு பிரிந்து நிற்பார்கள், சாதி பார்த்துக் கை தூக்குவார்கள், தோற்றவன் மறுநாள் அடுத்த கட்சிக்குத் துண்டு மாற்றிக்கொண்டு போய்விடுவான். எல்லாம் நடக்கக்கூடியதுதான். ஆனால் லிஸ்ட் போடும்போது மட்டும் சாதி பார்ப்பதில்லையா, அண்ணாச்சி? முதலில் பார்ப்பதே அதைத்தானே? ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதி. சட்டமன்றத்துக்கு அனுப்ப நிறுத்துகிற சமூகத்தின் ஆளை, கிளையில் 'துணை'க்கு மேல் ஏற்றாத ஊர்கள் எத்தனை என்று உங்கள் பழைய லிஸ்ட்டை எடுத்துப் பாருங்கள். கூட்டத்தில் எல்லாரும் பார்க்க நடக்கிற அநியாயத்தை நாலு பேர் எழுந்து கேட்கலாம். லாட்ஜ் அறைக்குள் நடப்பதை யார் கேட்பது?

கோஷ்டிக்குப் பயப்படுகிறவர்களுக்கு நம் மாவட்டத்துக்காரர் கதையே இருக்கிறது. காமராஜர் பதின்ம வயதில் காங்கிரஸில் தொண்டராகச் சேர்ந்தவர். கொடி பிடித்தார், உண்டியல் குலுக்கினார், 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்துக்குப் போய்ச் சிறை சென்றார். 1936-ல் சத்தியமூர்த்தி மாகாணத் தலைவர், இவர் செயலாளர். 1940-ல் தலைவர் தேர்தல் வந்தது. ராஜாஜி அணியின் ஆளாக சி.பி. சுப்பையா நின்றார். எண்ணிப் பார்த்தால் காமராஜருக்கு 103, சுப்பையாவுக்கு 100. மூன்றே ஓட்டு. கோஷ்டி என்றால் அதைவிடப் பெரிய கோஷ்டி உண்டா? அந்த மூன்று ஓட்டில் உட்கார்ந்தவர்தான் 1954-ல் முதலமைச்சர் நாற்காலி வரை போனார். மேலிருந்து ஒருவர் லிஸ்ட் போட்டிருந்தால் விருதுநகர்ப் பையன் அதில் இருந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அவரைப் பற்றி இன்னொன்று. சிறையில் இருக்கும்போதே அவரை விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் ராஜினாமா செய்துவிட்டார். முழு நேரம் கொடுக்க முடியாத பதவியை வைத்துக்கொள்வது சரியில்லை என்பது அவர் கணக்கு. நம் ஒன்றியத்தில் ஒரே ஆள் மூன்று பொறுப்பு, அதோடு ஒரு கூட்டுறவுச் சங்கம், அதோடு ஒரு கோயில் கமிட்டி என்று வைத்திருப்பதைப் பார்க்கும்போது இது ஞாபகம் வருகிறது.

ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜாவையும் சொல்ல வேண்டும். 1949-லிருந்து மூன்று வருஷம் சென்னை மாகாண முதலமைச்சர். 1952 பொதுத் தேர்தலில் முதலமைச்சராக இருந்துகொண்டே தோற்றார். தோற்றதால் அவர் பெயர் கெட்டதா? தன் வீட்டை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். காந்தி கலை மன்றமாக இன்றும் நிற்கிறது. நீங்கள் அந்த வழியாகத்தான் போகிறீர்கள், வருகிறீர்கள். 1967-ல் அதே காமராஜர், அதே விருதுநகரில், சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார். தேர்தல் என்றால் தோல்வியும் வரும் என்பதை ஏற்றுக்கொண்ட மண் இது. ஒரு கிளைச் செயலாளர் தேர்தலில் தோற்றவன் மனம் உடைந்துவிடுவான் என்று நாம் கவலைப்படுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று சட்டம் படிக்கிற பையனிடம் கேட்டேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 29ஏ என்று ஒரு பிரிவு, கட்சிகள் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்துகொள்வதற்காக. விதிமுறைப் புத்தகம் கொடுக்க வேண்டும், ஜனநாயகத்தைக் கடைப்பிடிப்போம் என்று அதில் எழுத வேண்டும். நம் கட்சிப் புத்தகத்திலும் உட்கட்சித் தேர்தல் அழகாக அச்சாகியிருக்கிறது. அதை நடத்தாவிட்டால்? ஒன்றும் ஆகாது. பதிவை ரத்து செய்யும் அதிகாரம், ஏமாற்றிப் பதிவு வாங்கியது போன்ற சில காரணங்கள் தவிர, ஆணையத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டதாம். ஜெர்மனியில் அப்படியில்லை. 1967-லிருந்து கட்சிகளுக்கென்றே தனிச் சட்டம், நிர்வாகிகளை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஜெர்மனி தூரம் என்பீர்கள். மார்க்சிஸ்ட் தோழர்கள் பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறார்கள்? மாநாட்டுக் காலம் வந்தால் முதலில் கிளையில் கூடி, செயலாளர் அறிக்கை வாசித்து, குறை சொல்கிறவர்கள் சொல்லி, பிறகு தேர்ந்தெடுத்து, அப்படியே படிப்படியாக மேலே போகிறார்கள். 2025 ஏப்ரலில் மதுரையில் அகில இந்திய மாநாட்டில் போய் முடிந்தது. ஆள் குறைவு, ஓட்டும் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் கிளைச் செயலாளர் தன் பொறுப்பை பிளக்ஸில் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. கான்சாபுரம் கிளையில் மட்டும் ஒருமுறை செய்து பாருங்கள். உறுப்பினர் பட்டியலை ஒரு வாரம் முன்னாடி மந்தைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டினால்தான் அதில் செத்தவர் எத்தனை, அட்டை வாங்கியதே தெரியாதவர் எத்தனை என்று வெளிச்சமாகும். இது நமக்குக் கொஞ்சம் மானக்கேடுதான், பரவாயில்லை. ஒரு சாயங்காலம் கூட்டம். எழுதிக் கொடுத்த ஏழு பேரும் ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசட்டும். கேள்வி கேட்பவர்கள் கேட்கட்டும். கை தூக்குவது வேண்டாம்; எங்கள் ஊரில் யாருடைய தோப்பில் யார் வேலை பார்க்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், கை தூக்கினால் மறுநாள் வேலை இருக்காது. சீட்டில் எழுதிப் போடட்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று எடுத்து வாசிக்கட்டும். அங்கேயே எண்ணி, அங்கேயே சொல்லிவிடலாம்.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்தக் கமிட்டி முக்கியம். எங்கள் ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர் கைக்குப் போனது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்க ஊரில் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், பாதி ஊராட்சித் தலைவர். அந்த இடத்தில் ஊர் தேர்ந்தெடுத்தவர் உட்கார்ந்தால் ஒரு பேச்சு, உங்கள் காருக்குப் பின்னால் பைக்கில் வந்தவர் உட்கார்ந்தால் வேறு பேச்சு.

எங்கள் ஊர்ப் பெயர் கான்சாகிப் பெயரிலிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மருதநாயகம் என்கிற யூசுப் கான். சிப்பாயாகச் சேர்ந்து, கமாண்டன்ட் ஆகி, மதுரையையே ஆளும் அளவுக்கு வந்தவன். 1764-ல் தூக்கில் போட்டார்கள், அதையும் நான் மறைக்கவில்லை. அடியிலிருந்து மேலே வருகிறவனைப் பார்த்தால் மேலே இருப்பவர்களுக்கு எப்போதுமே கொஞ்சம் கலக்கம்தான் போல. எங்கள் ஏழு பேரில் யாருக்கும் மதுரை மேல் ஆசை இல்லை, அண்ணாச்சி. கிளைச் செயலாளர்தான் கேட்கிறார்கள்.

வருவதாக இருந்தால் அமாவாசை, பௌர்ணமி நாள் வேண்டாம். சதுரகிரிக்குப் போகிற கூட்டத்தில் கிருஷ்ணன்கோவிலிலிருந்தே வண்டி நகராது. செல்போனில் பரவிய கூமாபட்டி ரீலைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ரோட்டை அடைத்துக்கொள்கிறார்கள், அதையும் தவிர்த்துவிடுங்கள். மற்ற எந்த நாளானாலும் சரி, ஆறு மணிக்கு மேல் வையுங்கள். தோப்புக்கும் வயலுக்கும் போனவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள். நாற்காலியும் மைக்கும் நாங்கள் பேசிவைக்கிறோம். பொன்னாடை இல்லை, பிளக்ஸ் இல்லை. சீட்டுப் போட ஒரு புதுக் குடம் மட்டும் வாங்கி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பிளக்ஸில் தபால்தலை அளவில் இருந்த
கான்சாபுரம் கிளைத் துணைச் செயலாளர் (முன்னாள்)